மலையைத் துளைக்க எண்ணிய வங்கியாளர்

அமெரிக்காவின் டென்வர் நகருக்கு மேற்கே றொக்கி மலைத்தொடர் மதில்போல் நிற்கிறது. கண்டங்கடந்த முதற் புகையிரதப்பாதை, அதனைத் தவிர்த்து வடக்கே வயோமிங் வழியாகச் சென்றது. புத்தகமும் எழுதுதாளும் விற்க 1860இல் டென்வருக்கு வந்து, பின்னர் முதல் தேசிய வங்கியின் தலைவரான டேவிட் மொபற், அம்மதிலை ஊடறுத்து சோல்ற் லேக் நகர்வரை பாதையிட 1902இல் முனைந்தார்.

சுரங்கம் அகழப் பொருள் போதவில்லை. ஆகவே, தற்காலிக ஏற்பாடாக, 11,600 அடிக்கு மேலுள்ள றொலின்ஸ் கணவாயின்மீது தண்டவாளம் ஏறிற்று. குளிர்காலத்தில் வெண்பனி வண்டிகளை நாட்கணக்கில் மறித்தது. அதை அகற்றுவதற்குப் பெருஞ்செலவு ஆயிற்று. வங்கியாளர் என்றால் எண்ணி எண்ணிச் செலவிடுபவர் என்றே நினைப்போம். இவரோ தம் பெருஞ்செல்வத்தை அப்பாதையில் இறைத்தார். மேலும் பணம் தேடி நியூயோர்க் சென்றவர், 1911இல் அங்கேயே காலமானார்.

பொதுக் கடன்பத்திரங்களால் திரட்டிய பணத்தில், 6 மைலுக்கு மேல் நீண்ட சுரங்கம் 1928இல் திறக்கப்பட்டது. அதற்கு மொபற்றின் பெயரே சூட்டப்பட்டது. இன்றும் சிக்காகோவிலிருந்து மேற்குக்கரை செல்லும் பயணிகள் வண்டி அதனூடாகவே ஓடுகிறது.