பயந்தாங்கொள்ளியா, சமநிலைக் கோளாறா?

ஊஞ்சலில் உட்காரவைத்தால் அலறும். மாடிப்படி இறங்கும்போது சுவரை விடாது. விளையாட்டு வகுப்பு உள்ள நாளில் காலையிலேயே வயிறு வலிக்கும். இப்படி ஒரு குழந்தை இருந்தால், அதற்குப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று பட்டம் சூட்ட வீட்டில் யாராவது ஒருவர் தயாராக இருப்பார். ‘நாலு பிள்ளைங்களோட விட்டா சரியாயிடும்’ என்ற அறிவுரையும் கூடவே வரும். எல்லாக் குழந்தைகளுக்கும் அது சரியாகிவிடுவதில்லை. சிலருடைய பயத்துக்கு மனம் மட்டும் காரணமல்ல. உடலின் சமநிலைக் கோளாறும் அதில் பங்கு வகிக்கிறது.

காதுக்குள் ஒரு ரசமட்டம்

காது கேட்பதற்கு மட்டும் உள்ளதல்ல. உள்காதில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை இவை உணர்கின்றன. இவற்றை ஒட்டியுள்ள இரண்டு சிறு பைகள், கொத்தனாரின் ரசமட்டத்தைப் போல, தலை நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று கண்காணிக்கின்றன. இந்தத் தகவலோடு கண் பார்ப்பதையும், பாதமும் மூட்டுகளும் உணர்வதையும் சேர்த்துப் பார்த்துத்தான் ‘விழாமல் நிற்கிறோம்’ என்ற முடிவுக்கு மூளை வருகிறது.

இந்தச் செய்திகள் போய்ச் சேரும் மூளைத்தண்டுப் பகுதிக்கும், பயத்தை எழுப்பும் அமிக்டலாவுக்கும் இடையே நரம்புப் பாதைகள் உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் கேரி பாலபன் உள்ளிட்டோர் இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கால் வழுக்கும் ஒரு நொடியில் நெஞ்சு படபடத்து, கை வியர்ப்பது எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். விழப்போகிறோம் என்ற சமிக்ஞை உடனே ஆபத்து மணியை அடித்துவிடுகிறது. சமநிலை சரியில்லாத குழந்தைக்கு இந்த மணி ஒரு நாளில் எத்தனை முறை அடிக்குமோ!

இரண்டு மருத்துவர்கள், இரண்டு பெயர்கள்

சமநிலைக்கும் பயத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை மருத்துவர்கள் முன்பே கவனித்திருக்கிறார்கள். திறந்தவெளிச் சதுக்கங்களைக் கடக்க முடியாமல் தவித்த நோயாளிகளைப் பற்றி 1870-இல் எழுதிய வியன்னா மருத்துவர் மோரிட்ஸ் பெனடிக்ட், அதைத் தலைச்சுற்றல் என்றார். அடுத்த ஆண்டே பெர்லினின் கார்ல் வெஸ்ட்பால், ‘இல்லை, இது பயம்’ என்று சொல்லி ‘அகோராபோபியா’ என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்தது. தலைச்சுற்றல் ஒரு துறைக்கும் பயம் இன்னொரு துறைக்கும் போய்விட்டன. நோயாளிக்கு அதனால் பெரிய லாபம் எதுவும் இல்லை.

டெல் அவிவ் சொன்னது

குழந்தைகளிடம் இந்தத் தொடர்பைத் தேடியவர்களில் முக்கியமானவர்கள் இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தினர். பதற்றக் கோளாறு உள்ள குழந்தைகள் சமநிலைச் சோதனைகளில் மற்றவர்களைவிட அதிகம் தடுமாறுவதை 2004-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு காட்டியது.

அப்படியானால் எது முதலில் வந்தது? பதற்றத்தால் கால் தடுமாறுகிறதா, தடுமாற்றத்தால் பதற்றம் வருகிறதா? இதற்கு விடை தேடிய ஓரித் பார்ட், மாட்டி மின்ட்ஸ் உள்ளிட்ட குழுவின் ஆய்வு 2009-இல் வெளியானது. சமநிலைக் கோளாறுள்ள சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பதற்றம் அதிகமாகவும், தன்மதிப்பு குறைவாகவும் இருப்பதை அவர்கள் முதலில் உறுதிசெய்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு 12 வாரங்கள் உடல் சமநிலைப் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். சமநிலை மேம்பட்டது. பதற்றம் இயல்பு நிலைக்கு இறங்கியது, தன்மதிப்பும் உயர்ந்தது.

இது சிறிய ஆய்வுதான். எல்லாப் பதற்றத்துக்கும் உடற்பயிற்சியே மருந்து என்று இதை வைத்து யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். ஆனால், பயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் சில குழந்தைகளின் உண்மையான சிக்கல் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும் என்பதை அது உணர்த்துகிறது.

குழந்தை சொல்லாது

பெரியவருக்குத் திடீரென்று தலை சுற்றினால் நேற்றுவரை அப்படி இல்லையே என்று தெரியும். பிறந்ததிலிருந்தே தரை ஆடுகிற குழந்தைக்கு அதுதான் உலகம். எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும். அதனால் பெற்றோர்தான் கவனிக்க வேண்டும். ஐந்து வயதில் பெரும்பாலான குழந்தைகளால் ஒற்றைக் காலில் சுமார் பத்து விநாடி நிற்க முடியும். அதில் மிகவும் பின்தங்குவது, இருட்டில் நடக்கத் திணறுவது, அடிக்கடி காரணமின்றி விழுவது, கூட்டத்தில் கையை இறுக்கிப் பிடிப்பது போன்றவை சேர்ந்து வந்தால் ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடக் கூடாது.

சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வதுகூடச் சமநிலையைக் கெடுக்கும். இது சிகிச்சையால் சரியாகக்கூடியது. பிறவியிலேயே செவித்திறன் குறைந்த பிள்ளைகள் பலருக்கு உள்காதின் சமநிலை உறுப்பும் பாதிக்கப்பட்டிருக்கும். ஒற்றைத் தலைவலியின் ஒரு வகை, குழந்தைகளிடம் தலைச்சுற்றலாகவே வெளிப்படும்.

என்ன செய்யலாம்?

முதலில் குழந்தைகள் நல மருத்துவர், தேவைப்பட்டால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர். சமநிலைப் பயிற்சி தருபவர்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளும் பிசியோதெரபிஸ்டுகளும். பயம் தனியாக நீடித்தால் மனநல ஆலோசனையும் வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. நொண்டி, பாண்டி, ஊஞ்சல், சுவரோரக் கோட்டில் அடிமேல் அடி வைத்து நடப்பது எல்லாமே சமநிலைக்கு வேலை கொடுப்பவை. இவை சிகிச்சைக்கு மாற்றாகாது என்றாலும், மொபைலோடு சோபாவில் கிடப்பதைவிட மேல். ஒரே நிபந்தனை, கட்டாயப்படுத்தக் கூடாது. அழுகிற குழந்தையை ஊஞ்சலில் ஏற்றி வேகமாகத் தள்ளி ‘பயத்தைத் தெளியவைப்பது’ பயத்தை இன்னும் கூட்டும். ஊஞ்சல் தாழ்வாக இருக்கட்டும், கால் தரையைத் தொடட்டும், எப்போது நிறுத்துவது என்பதைக் குழந்தையே சொல்லட்டும்.

நன்றாக நடந்துகொண்டிருந்த குழந்தை திடீரெனத் தள்ளாடினாலோ, காலையில் தலைவலியோடு வாந்தி எடுத்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிகிறது என்றாலோ பயிற்சி, விளையாட்டு எதையும் யோசிக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.