ஒரே முகம், பல பெண்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குச் சேர்பவரை அடையாள அட்டைக்காகப் படம் எடுப்பார்கள். நேரே பார்க்க வேண்டும், சிரிக்கக் கூடாது. மனிதர்களை இப்படி நிற்கவைத்து வகைபிரித்த படங்களுக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றைக் கேலி செய்யவே வேடமிட்டு கேமரா முன் நின்றவர், பெங்களூருவின் கலைஞர் புஷ்பமாலா.

1956-இல் பிறந்த இவர் பரோடாவில் படித்தது சிற்பம். 1990-களின் நடுவில் தன்னையே படைப்பாக்கிக்கொண்டார். அந்தக் கால சண்டைப்பட நாயகி ஃபியர்லெஸ் நாடியாவின் சாயலில் வந்தது ‘ஃபேன்டம் லேடி’ தொடர்.

2000 முதல் 2004 வரை, ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய தொடரை உருவாக்கினார். ஓவியர் ரவிவர்மாவின் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, சாட்டை சுழற்றும் தமிழ் சினிமா நாயகி... எல்லாம் இவரே! உடை, நகை, பின்திரை என எல்லாவற்றையும் மூலப்படத்தைப் பார்த்தே அமைத்தார்கள். வெள்ளையர் காலத்தில் பழங்குடியினரை அளவுக்கட்டத் திரைக்கு முன் நிறுத்திப் படமெடுத்தார்களே, அதே போல இவரும் நின்றார். தொடரிலேயே கூர்மையான படம் அதுதான்.

அமெரிக்காவின் சிண்டி ஷெர்மனும் 1977 முதல் சினிமா நாயகிகளாகத் தன்னைப் படமெடுத்தவர். ஆனால், அவர் காட்டிய சினிமாக்கள் எதுவும் நிஜத்தில் இல்லை. புஷ்பமாலாவின் படங்களுக்கோ மூலம் உண்டு.

2019-இல் சென்னையின் ஈராண்டு ஒளிப்பட விழாவான ‘சென்னை போட்டோ பினாலே’வுக்குப் படைப்புகளைத் தேர்ந்து தொகுத்தவரும் இவரே. அடுத்த விழா வரும்போது, திருவள்ளூர் நேயர்களே, மின்சார ரயிலேறிப் போய்ப் பாருங்கள்.