வட்டிசை மென்பொருளின் இடைமுக அமைப்பியல்

ஒரு கருவியின் உள்ளே நிகழும் செயலுக்கும், அதனை ஆளும் மாந்தனின் கண், கை, செவிகளுக்கும் நடுவே நின்று, ஒன்றை மற்றொன்றுக்கு உணர்த்தும் அமைப்பே இடைமுகம் எனப்படும். அது இருவகைத் தொழில் உடையது. உள்நிகழ்வைப் புறத்தே காட்டுவது ஒன்று; புறத்தே எழும் விருப்பத்தை உள்ளே செலுத்துவது மற்றொன்று. முன்னதைச் செய்யும் உறுப்புகளைக் காட்டிகள் என்றும், பின்னதைச் செய்வனவற்றை இயக்கிகள் என்றும் பகுத்துக்கொள்ளலாம். ஓர் உறுப்பே இவ்விரண்டுமாய் அமைவதும் உண்டு. அமைப்பாளரின் திறத்துக்கு உரைகல்லாவது அத்தகைய உறுப்பே.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கருவி, டிஜே என்று ஊரெங்கும் அழைக்கப்படும் கலைஞர் கையாளும் மென்பொருள். அக்கலைஞரை வட்டிசைஞர் என்றும் அவர்தம் கலையை வட்டிசை என்றும் இங்கே வழங்குவோம். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டின் துடிப்போடு அடுத்த பாட்டின் துடிப்பை இசைவித்து, ஆடுவோரின் ஆட்டம் அறுபடாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவர்களைக் கொண்டு செல்வதே வட்டிசையின் அடிப்படைத் தொழில். இதற்கு வேண்டிய நுண்மையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். மணித்துளிக்கு 120 துடிப்புடைய பாட்டும் 121 துடிப்புடைய பாட்டும் ஒருசேரத் தொடங்கினால், அரை மணித்துளிக்குள் ஒன்றன் துடிப்பு மற்றொன்றன் இரு துடிப்புகளுக்கு நட்டநடுவே விழுந்துவிடும். முதற்பாட்டின் விரைவை 0.83 விழுக்காடு கூட்டினால் அவை இணையும். நூற்றில் ஒரு பங்கினும் குறைந்த இவ்வேற்றுமையை, இருள் சூழ்ந்த அரங்கில், பெருமுழக்கத்தின் நடுவே, ஒருவர் கண்டு திருத்த வேண்டும். இடைமுகம் அவருக்குத் துணை நிற்க வேண்டிய இடம் அதுவே.

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில், சால்ட் லேக்கின் ஐந்தாம் பிரிவை அடுத்துத் திட்டமிட்டு எழுப்பப்பட்ட நியூ டவுனில் இருந்து இதனை எழுதுகிறேன். மென்பொருள் நிறுவனங்கள் செறிந்த இவ்வூருக்கு மேற்கே அமைந்த டம்டம், கிராமபோன் கம்பெனியின் இசைத்தட்டு ஆலையால் பெயர் பெற்ற இடம். 1902இல் பாடகி கௌஹர் ஜானின் குரல் இசைத்தட்டுக்காகப் பதியப்பட்டது இப்பெருநகரில்தான். 1908இல் சியால்தாவில் தொடங்கப்பெற்றதே இந்தியாவின் முதல் இசைத்தட்டு ஆலை. இசை கையால் தொடத்தக்க பொருளானதும், பின்னர் வெறும் எண்களாய்க் கணிப்பொறிக்குள் கரைந்ததுமாகிய இரு நிலைகளையும் ஒரே நகரின் இரு புறங்களிலே காண்கிறோம்.

இசைத்தட்டு ஒலியைத் தாங்கிய பொருள் மட்டும் அன்று; அதுவே ஓர் இடைமுகமாகவும் விளங்கியது. ஒளியில் சாய்த்துப் பார்த்தால், முழக்கம் மிகுந்த பகுதியும் அடங்கிய பகுதியும் வெவ்வேறு சாயல் கொண்ட வளையங்களாகத் தெரியும். ஊசியை எங்கே இறக்குவது என்று கண்ணே சொல்லிவிடும். விரலால் தட்டை மெல்லத் தடுத்தால் இசை பின்தங்கும், தள்ளினால் முந்தும். 1972இல் ஜப்பானில் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 என்னும் சுழல்மேடை, வார் இல்லாமல் மின்னோடியே நேராகத் தட்டைச் சுழற்றும் அமைப்பால் வட்டிசைஞரின் நம்பிக்கையைப் பெற்றது. 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவில் பொருத்தப்பட்ட நீண்ட விரைவுத்தண்டு, எட்டு விழுக்காடு கூட்டவும் குறைக்கவும் இடமளித்தது. காட்டியும் இயக்கியும் ஒரே பொருளில் ஒன்றிக் கிடந்த காலம் அது.

கணிப்பொறிக்குள் இசை புகுந்தவுடன் இவையனைத்தும் மறைந்தன. மறைந்தவற்றை வரைந்து காட்டும் கடமை மென்பொருளுக்கு வந்தது. அவற்றுள் தலையாயது அலைவடிவம். நொடிக்கு 44,100 ஒலிக்கூறுகளாகப் பதிவான ஐந்து மணித்துளிப் பாட்டில், ஒரு தடத்துக்கு மட்டும் 1,32,30,000 எண்கள் உள்ளன. திரையின் அகலமோ பெரும்பாலும் 1,920 படப்புள்ளிகளே. ஆகவே, முழுப்பாட்டையும் ஒரே பார்வையில் காட்ட வேண்டுமெனின், ஏறத்தாழ 6,890 எண்களை ஒரு புள்ளியகலக் கோட்டுக்குள் அடக்க வேண்டும். அத்தனை எண்களின் நிகரளவை எடுத்து வரைந்தால், கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அழித்து வெறுங்கோடே மிஞ்சும். எனவே உச்ச அளவையே எடுத்து உயரமாக்குகிறார்கள். தாழொலி, நடுவொலி, மேலொலி என முப்பிரிவாக வடித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தரும்போது, பறையறைவு எங்கே, பாடற்குரல் எங்கே என்பது கேட்கும் முன்னரே கண்ணுக்குப் புலனாகிறது. பழைய இசைத்தட்டின் வளையங்கள் இன்னும் கூர்மை பெற்று மீண்டன என்றே சொல்லலாம்.

இனி, பயனர் தம் விருப்பப்படி மாற்றியமைக்கும் இடைமுகம் எவ்வாறு இயல்வதாகிறது என்னும் மெய்யான வினாவுக்கு வருவோம். இதற்கு யாவரும் திறந்து பார்க்கத்தக்க சான்று, மிக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ட்யூ ஹாஸ்டே ஆண்டர்சன் என்னும் ஆய்வாளர், வட்டிசைக்கான இடைமுகங்களை ஆராயும் பொருட்டே 2001இல் அதனைத் தொடங்கினார். இன்று பல நாட்டுத் தன்னார்வலர் அதனை வளர்த்து வருகின்றனர்.

அதன் அடிப்படைக் கொள்கை ஒன்றே: உள்ளே உள்ள ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிலைத்த பெயரும், அப்பெயரின் கீழ் ஓர் எண்ணும் உண்டு. இவ்விணையைக் கட்டுப்பொருள் என்போம். பெயர் இரு பகுதியுடையது: எந்தத் தட்டகம் (ஒரு பாட்டை ஏற்றி ஓட்டும் பகுதி) என்பது முற்பகுதி, எந்தச் செயல் என்பது பிற்பகுதி. 'சேனல்1, பிளே' என்பது முதல் தட்டகத்தின் ஓட்டநிலை. அதன் எண் 1 ஆனால் பாட்டு ஓடும். 0 ஆனால் நிற்கும். திரைவிசையைத் தொட்டாலும், தட்டச்சுப் பலகையில் ஓர் எழுத்தை அழுத்தினாலும், மேசைமேல் உள்ள இயக்குபலகையைத் தட்டினாலும் மாறுவது அந்த ஓர் எண்ணே. இதில் நுட்பம் ஒன்று உண்டு. திரைவிசை ஒளிர்வது அதனைத் தொட்டதனால் அன்று. அவ்வெண் 1 ஆனதனால். ஆதலின் இயக்குபலகையில் தட்டிய அந்நொடியே திரையிலும் விளக்கு எரிகிறது. பாட்டு முடிந்து தானே நின்றால் தானே அணைகிறது. காட்டியும் இயக்கியும் ஒன்றையொன்று அறியா; இரண்டும் ஒரே எண்ணை அறியும். பொய் சொல்லவே இயலாத இடைமுகம் இவ்வாறுதான் பிறக்கிறது.

பெயர்கள் நிலைத்தவை ஆதலால், முகம் எத்தனை வேண்டுமாயினும் இருக்கலாம். மிக்ஸ் மென்பொருளோடு டீர், லேட்நைட், ஷேட், டேங்கோ முதலிய தோலுருக்கள் வருகின்றன. தோலுரு என்பது ஒரு கோப்புறை, அதனுள் எக்ஸ்.எம்.எல் நடையில் எழுதிய அமைப்புக் கோப்புகளும், நிறமும் எழுத்துருவும் கூறும் நடைத்தாளும், படங்களும் இருக்கும். ஓட்டவிசை ஒன்றை எடுத்துப் பார்த்தால், அதற்கு நிலைகள் இரண்டு என்பதும், அந்தந்த நிலைக்கு உரிய படம் எது என்பதும், அது பற்றிநிற்கும் கட்டுப்பொருளின் பெயர் என்ன என்பதும் சில வரிகளில் எழுதப்பட்டிருக்கும். இசையை எவ்வாறு ஓட்டுவது என்பது பற்றி அவ்வரிகளில் ஒரு சொல்லும் இராது. நான்கு தட்டகம் வேண்டுமெனின் நான்கு முறை எழுத வேண்டியதில்லை. தட்டகத்தின் வார்ப்புருவை ஒருமுறை எழுதி, குழுப்பெயர் என்னும் இடத்தை மட்டும் வெற்றாக விட்டு, அழைக்கும்தோறும் அப்பெயரை நிரப்பினால் போதும். வார்ப்புருவில் ஒரு விசையை இடம் மாற்றினால் நான்கு தட்டகத்திலும் அது இடம் மாறும். பயனர் ஒரு பகுதியை மறைப்பதும் விரிப்பதும்கூட இன்னொரு பெயரின் கீழ் உள்ள எண்ணே. முகத்தை மாற்றும் உரிமைக்கும் முகத்தில் தெரியும் இசைக்கும் ஒரே இலக்கணம்.

ஆயினும் மாற்றத்தக்கது எது, மாற்றத்தகாதது எது என்று பிரித்தறிவதிலேயே அமைப்பாளரின் பொறுப்பு நிலைகொள்கிறது. 1954இல் பால் ஃபிட்ஸ் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் கண்ட நெறிப்படி, ஓர் இலக்கைக் கை சென்றடையும் நேரம், இலக்கின் தொலைவு கூடக் கூடவும் அகலம் குறையக் குறையவும் மிகும். ஆதலின் ஓட்டவிசையும் தொடக்கக்குறி விசையும் பெரியனவாய்க் கைக்கு அண்மையில் அமைய வேண்டும்; ஓடும் பாட்டை அகற்றிப் புதுப்பாட்டை ஏற்றும் விசையோ தவறித் தொட இயலாத தொலைவில் இருக்க வேண்டும். நிறத்தைப் பயனர் மாற்றட்டும். ஆனால் ஒரு செய்தியை நிறத்தால் மட்டும் உணர்த்தல் ஆகாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணுடையார் ஆண்களுள் சிலராவது எந்த அவையிலும் உளர். அவர் பொருட்டு வடிவமும் இடமும் உடன்நின்று பேச வேண்டும்.

இவை எல்லாவற்றினும் மேலான மாறாநெறி, முகம் தடுமாறினாலும் ஒலி தடுமாறலாகாது என்பது. ஒலியட்டைக்கு ஒருமுறை வழங்கும் கூறுகள் 1,024 எனின், அடுத்த தொகுதியை அணியமாக்கக் கிடைக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் 23 பங்கு. 256 எனின் ஆறு பங்கிலும் குறைவு. இந்நேரத்துக்குள் கணக்கு முடியாவிடில் இசை விட்டுவிட்டு ஒலிக்கும். திரை வரைவதில் ஒரு சட்டகம் தவறினால் எவரும் அறியார்; ஒலியில் ஒரு தொகுதி தவறினால் அரங்கமே அறியும். எனவே ஒலிக்கணக்கு தனி இழையில், முதன்மை உரிமையோடு ஓடுகிறது. வரைதல் வேறு இழையில் அதன் பின்னே வருகிறது. அழகுமிகு தோலுரு ஒன்று ஒலியைத் திக்க வைக்குமாயின், அது எத்துணை அழகுடையதாயினும் தள்ளத்தக்கதே.

நம் இசைக்குரிய தேவை ஒன்றை இங்கே சற்று விரித்துக் கூற வேண்டும். வட்டிசை மென்பொருள்கள் பெரும்பாலும் பொறியால் தாளமிட்ட மேலை ஆட்டப்பாடல்களை எண்ணி வகுக்கப்பட்டவை. பாட்டு முழுதும் துடிப்பு மாறாது என்று கொண்டு, அதன்மீது சம இடைவெளியில் துடிப்புக்கட்டம் வரைவர். நம் பழந்திரைப்பாடல்களோ, கலைஞர் பலர் ஒரே கூடத்தில் கூடியிருந்து வாசித்தவை; சரணத்தில் சற்றே விரைந்து பல்லவியில் தணியும் உயிர்ப்பு அவற்றுக்கு உண்டு. வங்கத்து டாக் என்னும் பறையின் முழக்கும் அவ்வாறே. இலண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தார் வகுத்த துடிப்பாய்வு முறையை மிக்ஸ் பயன்படுத்துகிறது. அதனோடு, துடிப்பு மாறாதது எனக் கொள்ளும் தேர்வை நீக்கிக்கொள்ளவும் இடம் வைத்திருக்கிறது. நம்மவர்க்கென ஒரு தோலுரு வகுப்போர், கட்டத்தை முன்பின் நகர்த்தும் விசைகளையும், விரலால் தட்டித் துடிப்பை அறிவிக்கும் விசையையும் மூலையில் மறைக்காமல் முன்னே வைக்க வேண்டும் என்பது என் முடிபு.

மடக்கின் நீளமும் இத்தகையதே. பாட்டின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிப்பிக்கும் மடக்கு, திரையில் 4, 8, 16, 32 என இரட்டித்தே வளரக் காண்கிறோம். நான்கன் நடைக்கு இது பொருந்தும். ஐந்தன் நடைக்கும் ஏழன் நடைக்கும் பொருந்தாது. இரவீந்திரநாத் தாகூர் வகுத்த தாளங்களாகிய ஒன்பது எண்ணிக்கை நவதாளுக்கும் பதினோர் எண்ணிக்கை ஏகாதசிக்கும் பொருந்தாது. ஆனால் உள்ளே உள்ள கட்டுப்பொருளோ எந்த நேர்ம எண்ணையும் ஏற்கும். அளவுப்பெட்டியில் 7 என எழுதினால் ஏழு துடிப்பு மடக்கு கிடைக்கும். இரட்டித்தால் 14 ஆகும். இயக்குபலகையின் ஒரு விசைக்கு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரே வரி எழுதினால், ஏழன் நடை விரல்தொடும் தொலைவில் வந்து நிற்கும். குறை ஒலிப்பொறியில் இல்லை, முகத்தில்தான் இருந்தது. முகம் மாற்றத்தக்கதாதலால் குறையும் நீங்கத்தக்கதாயிற்று.

இன்னுமொன்று மறைக்கத்தகாதது, ஒலியளவுக்காட்டி. வங்கத்துப் பூசை ஊர்வலங்களிலும் நம் ஊர்த் திருவிழாக்களிலும் அடுக்கிய பெட்டிகளின் பேரொலி எத்தகையது என்பதை யாவரும் அறிவர். 1996இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் ஒலிபெருக்கிக்கு எல்லை வகுத்தது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு நெறிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பிட்டு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியை விலக்கின. மென்பொருளின் காட்டி தெருவின் ஒலியை அளப்பதில்லை. எண்களின் உச்சத்தையே அளக்கும். எனினும் அந்த உச்சம் மீறி ஒலி சிதையும்போது எரியும் செவ்விளக்கே, ஒலியளவுத் தண்டைக் கீழிறக்கச் சொல்லும் முதற்குரல். இடம் மிச்சம் பிடிக்க அதனை நீக்கும் தோலுருவை நான் ஏற்பதில்லை.

நியூ டவுனிலும் தரமணியிலும் சிறுசேரியிலும் நிரல் எழுதும் தமிழ் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். மிக்ஸின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. அதன் முகச்சொற்களைத் தத்தம் மொழியில் பெயர்க்கும் பணியும் தன்னார்வலர் யாவர்க்கும் திறந்தே உள்ளது. ஷேட் கோப்புறையைப் படியெடுத்து, புதுப்பெயர் இட்டு, உங்கள் அமைப்புக் கோப்புறையில் உள்ள தோலுருக்களுக்கான இடத்தில் வையுங்கள். நடைத்தாளில் ஒரு நிறத்தை மாற்றி மென்பொருளை மீண்டும் திறந்தால், விருப்பத்தேர்வுப் பட்டியலில் உங்கள் தோலுருவின் பெயர் தோன்றும். நிரலைத் தொகுக்க வேண்டியதே இல்லை. அடுத்து, ஏழன் நடைக்கு ஒரு விசை வையுங்கள்.