300 கோரிக்கை, 3 சர்வர்: ஒரு லோட் பேலன்சரின் கணக்கு

லோட் பேலன்சர் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கற்க ஒரு மடிக்கணினி போதும். 8081, 8082, 8083 ஆகிய போர்ட்களில் 3 சிறு சர்வர்களை ஓடவிட்டு, 8080-க்கு வரும் கோரிக்கைகளை அவற்றுக்கு முறைவைத்து அனுப்ப வேண்டும். ரவுண்ட் ராபின் எனப்படும் இந்தப் பங்கீட்டுக்குத் தேவை ஓர் எண்ணியும், அதை 3-ஆல் வகுத்தால் வரும் மீதியும்தான். கீழுள்ள கணக்குகள் விநாடிக்கு 300 கோரிக்கை என்ற அளவில் போட்டவை. சர்வர் ஒன்றுக்கு 100.

8082-ஐ கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தியதும் திரையில் 200 (வெற்றி), 502 (பிழை), 200, 200, 502, 200 என்று பதில் குறியீடுகளின் வரிசை ஓடும். பிழை விகிதம் 33.3%. இரண்டு சர்வர்கள் நலமாக இருந்தும் மூன்றில் ஒருவருக்குப் பதில் கிடைக்காது. சர்வர் விழுந்ததை அந்த எண்ணி அறியாது.

அறிய வைப்பது ஹெல்த் செக். 10 விநாடிக்கு ஒரு சோதனை, 3 தோல்விக்குப் பின் நீக்கம் என்றால், நீக்க அதிகபட்சம் 30 விநாடி ஆகும். இழப்பு 3,000 கோரிக்கை. 2001-இல் வெளிவந்த ஹெச்ஏபிராக்ஸி என்ற பேலன்சர் மென்பொருளில் சோதனையை இயக்கினால் இயல்பு அளவு 2 விநாடி, 3 தோல்வி. அதாவது 6 விநாடி, 600 கோரிக்கை. இழப்பு 80% குறைகிறது. மறுமுயற்சி இல்லாத பேலன்சருக்கான கணக்கு இது. அடிக்கடி சோதிப்பதற்கான செலவு: 3 சர்வர்களுக்கும் நாளொன்றுக்கு 25,920-ஆக இருந்த சோதனைகள் 1,29,600 ஆகும். நாளின் மொத்தக் கோரிக்கைகள் 2,59,20,000. சோதனையின் பங்கு 0.1%-இலிருந்து 0.5%-ஆக உயரும். மலிவான பேரம் என்றே கருதலாம்.

சர்வர் பதிலே சொல்லாமல் தொங்கினால் நிலைமை இன்னும் மோசம். பேலன்சராகப் பயன்படும் என்ஜின்எக்ஸ் மென்பொருளில் இணைப்புக்கான இயல்புக் காத்திருப்பு 60 விநாடி. விநாடிக்கு 100 வீதம் 6,000 கோரிக்கைகள் தேங்க வேண்டும். ஆனால் அவ்வளவுக்கு இடம் இருக்காது. லினக்ஸில் ஒரு புரோகிராம் திறந்து வைக்கக்கூடிய கோப்புகள், சாக்கெட்டுகளுக்கு வழக்கமான தொடக்க வரம்பு 1,024. ஒரு கோரிக்கைக்கு 2 சாக்கெட்: பயனர் பக்கம் 1, சர்வர் பக்கம் 1. ஆக ஏறத்தாழ 510 கோரிக்கை. சுமார் 5 விநாடியில் இந்த வரம்பு நிரம்பி, நல்ல சர்வர்களுக்குப் போக வேண்டியவையும் வாசலிலேயே நிற்கும். காத்திருப்பை 1 விநாடியாக்கினால் தேங்குவது 100 மட்டுமே. முதலில் எழுத வேண்டிய வரி இந்தக் காலவரம்புதான் என்பது என் முடிவு.

வேகம் குறைந்த சர்வருக்குத் தனிக் கணக்கு. இரண்டு சர்வர்கள் 50 மில்லி விநாடியிலும் மூன்றாவது 200 மில்லி விநாடியிலும் பதில் தந்தால், ரவுண்ட் ராபினில் சராசரி 100 மில்லி விநாடி. கைவசம் குறைந்த இணைப்பு உள்ள சர்வருக்கு அனுப்பும் முறையில், மெதுவான சர்வருக்கு விநாடிக்குச் சுமார் 33, மற்றவற்றுக்குத் தலா 133 போகும், சராசரி 66.7 மில்லி விநாடி. வன்பொருளுக்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லாமல் காத்திருப்பு 33.3% குறைகிறது.

மூன்று சர்வர்களும் 70% சுமையில் இருக்கையில் ஒன்று விழுந்தால், மீதமுள்ளவற்றின் சுமை தலா 105%. இதை எந்தப் பங்கீட்டு முறையும் சரிசெய்யாது.

கடைசிக் கணக்கு பேலன்சர் பற்றியது. சர்வர் ஒவ்வொன்றும் 99% நேரம் இயங்குவதாகவும், ஒன்றன் கோளாறு மற்றொன்றைத் தொடாது என்றும் கொண்டால், மூன்றும் சேர்ந்து விழுவது ஆண்டுக்கு 31.5 விநாடி. அவற்றின் முன்னால் நிற்கும் ஒரே பேலன்சர் 99.9% இயங்கினாலும் அதன் முடக்கம் ஆண்டுக்கு 8 மணி 46 நிமிடம். இதற்கு மாற்றாக இரண்டாவது பேலன்சரை வைத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்று பொறுப்பேற்க உதவும் விஆர்ஆர்பி நெறிமுறையில் 1 விநாடி அறிவிப்பு, முன்னுரிமை 100 என்று அமைத்தால், முதலாவது விழுந்து சுமார் 3.6 விநாடியில் இரண்டாவது பொறுப்பேற்கும். அந்த இடைவெளியில் இழப்பது ஏறக்குறைய 1,080 கோரிக்கை. இரண்டாவது பேலன்சரின் செலவை முதல் நாளே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.