சிறு படகில் எல்லாவற்றிற்கும் ஓர் இடம்

நுழையும் முன்

தமிழ்நாட்டின் கடற்கரை வடக்கே பழவேற்காட்டில் தொடங்கி, கன்னியாகுமரியைக் கடந்து நீரோடி வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. அக்கரையோரச் சிற்றூர்களில், சிறு படகையும் வலையையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஒரு சிறு படகினுள் மீன்பிடிப் பொருள்கள் எவ்வாறு அடுக்கப்படுகின்றன, அவ்வொழுங்கு ஏன் இன்றியமையாதது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கத்தி இருந்த இடம்

நள்ளிரவு நேரம். கரை விளக்குகள் கண்ணுக்கு எட்டாத தொலைவில் ஒரு சிறு படகு நிற்கிறது. அதில் நால்வர் இருக்கின்றனர். நங்கூரம் இறக்கப்படுகிறது, கயிறு விரைந்து ஓடுகிறது. ஓடும் கயிற்றின் வளையம் ஒன்றில் ஒருவரது கால் சிக்கிக்கொள்கிறது. நங்கூரத்தின் எடை அவரைப் படகின் விளிம்பை நோக்கி இழுக்கிறது. அருகில் நிற்பவர் விளக்கைத் தேடவில்லை. கத்தி எங்கே என்று எவரையும் கேட்கவும் இல்லை. அவரது கை, படகின் உள்விளிம்பில் பொருத்தப்பட்டுள்ள உறைக்கு இருளிலேயே செல்கிறது. கத்தி அங்கே இருக்கிறது. கயிறு அறுபடுகிறது, கால் விடுபடுகிறது.

அன்று மாலை மீன் நறுக்கிய ஒருவர் அக்கத்தியை வேறோர் இடத்தில் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? இத்தகைய இடர் எந்தப் படகிலும் நேரக்கூடியது. நிலத்தில் தொலைந்த பொருளைத் தேடுவதற்கு நேரம் உண்டு. கடலில் அந்நேரம் கிடைப்பதில்லை. ஆகவே, சிறு படகில் ஒழுங்கு என்பது அழகுக்காக அன்று, உயிருக்காக.

கட்டுமரமும் கண்ணாடியிழைப் படகும்

தமிழகக் கடற்கரையில் நெடுங்காலம் வழங்கி வந்தது கட்டுமரம். எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, அருகருகே வைத்து, கயிற்றால் பிணைத்து அதனை அமைப்பர். இச்சொல்லே ஆங்கிலத்திற்குச் சென்று 'கேட்டமரான்' என வழங்கலாயிற்று. கட்டுமரத்திற்குப் பக்கச் சுவர்கள் இல்லை. அலைநீர் அதன் மீது ஏறி, மரங்களின் இடைவெளி வழியே இறங்கிவிடும். எனவே, அதில் கட்டி வைக்கப்படாத பொருள் எதுவும் நிலைப்பதில்லை. துடுப்பும் வலையும் தூண்டிலும் உணவுப் பாத்திரமும் கயிற்றால் பிணைக்கப்பட்டே செல்லும்.

இன்று பல ஊர்களில் 'ஃபைபர் படகு' எனப்படும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகியுள்ளன. இவை பெரும்பாலும் 7 முதல் 10 மீட்டர் வரை நீளமுடையவை. பின்புறத்தில் இயந்திரம் பொருத்தப்பட்டவை. பக்கச் சுவர் இருப்பதால் இவற்றில் சற்றுப் பாதுகாப்பு உண்டு. ஆயினும் இடம் குறுகியது. ஒரு வகுப்பறையைவிடச் சிறிய அவ்விடத்தில் வலை, தூண்டில், நங்கூரம், பனிக்கட்டிப் பெட்டி, எரிபொருள், குடிநீர் ஆகியவற்றோடு மூவரோ நால்வரோ ஐவரோ இரவு முழுவதும் உழைக்க வேண்டும்.

எடை அமரும் இடம்

படகில் பொருள்களை வைக்கும்போது முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது எடை. எடை மிக்க பொருள்கள் படகின் அடித்தளத்தில், நடுப்பகுதியில் அமர வேண்டும். எடை மேலே இருந்தால் படகு எளிதில் சாயும். ஒரு பக்கமாக இருந்தால் அப்பக்கத்து விளிம்பு தாழ்ந்து நீர் புகும். முன்பகுதியாகிய அணியத்தில் எடை மிகுந்தால், அது அலைக்குள் குத்தி இறங்கும்.

இதனாலேயே பனிக்கட்டிப் பெட்டி படகின் நடுவே வைக்கப்படுகிறது. வெப்பமிக்க நம் நாட்டில், பிடித்த மீனின் எடைக்கு ஏறத்தாழச் சமமான எடையுள்ள பனிக்கட்டி தேவைப்படும். 50 கிலோகிராம் மீனுக்கு 50 கிலோகிராம் பனிக்கட்டி எனக் கொண்டால், பெட்டியில் மட்டும் 100 கிலோகிராம் எடை சேர்கிறது. அப்பெட்டி இடம் பெயராதபடி கட்டப்பட்டிருத்தல் வேண்டும். படகு சாயும் வேளையில் பெட்டியும் அப்பக்கமே நகர்ந்தால், படகு மீண்டும் நிமிர்வது அரிதாகிவிடும்.

வலையை அடுக்கும் முறை

சிறு படகினர் பெரிதும் பயன்படுத்துவது செவுள் வலை. இது நீருக்குள் ஒரு திரையைப் போல நிற்கும். நீந்தி வரும் மீன் தலையை நுழைத்ததும், அதன் செவுள் வலைக்கண்ணில் சிக்கிக்கொள்ளும். வலையின் மேற்கயிற்றில் மிதவைகளும் அடிக்கயிற்றில் எடைக் குண்டுகளும் கோக்கப்பட்டிருக்கும். மிதவை மேலே தூக்க, குண்டு கீழே இழுக்க, வலை நேராக நிற்கிறது.

நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள இவ்வலையைக் குவியலாகப் போட்டுவிட்டால், அதனைப் பிரிப்பதிலேயே இரவு கழிந்துவிடும். எனவே, மிதவைக் கயிற்றை ஒரு பக்கமாகவும் குண்டுக் கயிற்றை மறு பக்கமாகவும் மடித்து மடித்து அடுக்குவர். இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலவாமல் இருந்தால்தான், கடலில் விடும்போது வலை சிக்கலின்றி இறங்கும்.

வலையை அடுக்குவதில் ஒரு தலைகீழ் முறை உண்டு. கடலில் முதலில் இறங்க வேண்டிய முனையைக் கடைசியில், எல்லாவற்றிற்கும் மேலே வைக்க வேண்டும். நெடுந்தொலைவு தொடர்வண்டியில் சொந்த ஊருக்குச் செல்லும் குடும்பத்தினர் இதனை நன்கு அறிவர். ஊர் சேர்ந்த பின் தேவைப்படும் புத்தாடைகள் பெட்டியின் அடியில் இருக்கும். வழியில் தேவைப்படும் உணவுப் பொட்டலமும் நீர்க்குடுவையும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். முதலில் வேண்டியது மேலே. பிறகு வேண்டியது கீழே. படகின் வலையும் இதே முறையில்தான் அடுக்கப்படுகிறது.

தூண்டில் முட்களைக் காத்தல்

சில படகுகளில் வலைக்கு மாறாக நெடுங்கயிற்றுத் தூண்டில் எடுத்துச் செல்லப்படும். ஒரு நீண்ட தாய்க்கயிற்றிலிருந்து பல கிளைக்கயிறுகள் தொங்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முள் இருக்கும். தாய்க்கயிற்றைக் கூடையினுள் வளையமாகச் சுற்றி வைத்து, முட்களைக் கூடையின் விளிம்பில் வரிசையாக மாட்டி வைப்பர். வரிசை தவறிய ஒரு முள் மற்றக் கயிறுகளை இழுத்துச் சிக்கலாக்கும். சில வேளைகளில் அவற்றைக் கையாளும் விரலையும் கிழித்துவிடும்.

உதிரி முட்கள் மூடியுள்ள சிறு பெட்டியில், அளவு வாரியாகப் பிரித்து வைக்கப்படும். தூண்டில் முட்களின் எண்முறை புதியவர்க்கு வியப்பளிக்கும். சிறு முட்களில் எண் பெருகப் பெருக முள் சிறுத்துக்கொண்டே போகும். 6ஆம் எண் முள்ளைவிட 10ஆம் எண் முள் சிறியது. உப்புநீரில் நனைந்த முள்ளை உலர்ந்த முட்களோடு சேர்த்து வைத்தல் கூடாது. அவ்வாறு வைத்தால் பெட்டியிலுள்ள எல்லா முட்களும் துருப்பிடிக்கும்.

நங்கூரமும் எரிபொருளும்

நங்கூரம் வழக்கமாக அணியத்தில் வைக்கப்படும். அதன் கயிறு நீரின் ஆழத்தைவிடப் பன்மடங்கு நீளமாக இருத்தல் வேண்டும். ஆழம் 10 மீட்டர் எனில், கயிறு 50 மீட்டர் வரை தேவைப்படும். கயிறு நெட்டுக்குத்தாக நின்றால் நங்கூரம் தரையைவிட்டுப் பெயர்ந்துவிடும். சாய்வாக நீண்டால் அதன் கொழு மணலில் ஆழப் பதியும். கயிற்றின் மறுமுனை படகில் உறுதியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதைக் கரையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். கயிறு ஓடும் வழியில் எவரும் கால் வைத்தல் ஆகாது.

எரிபொருள் கலன் இயந்திரத்திற்கு எட்டும் தொலைவில், ஆனால் நெருப்பு, உணவு, பனிக்கட்டி ஆகியவற்றிலிருந்து விலகி இருக்க வேண்டும். எரிபொருளை மூன்று பங்காகக் கணக்கிடுவது நல்ல வழக்கம்: ஒரு பங்கு செல்வதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராத இடருக்கு.

கைக்கு எட்டும் உயிர்காப்புப் பொருள்கள்

படகில் மிகக் குறைவாகப் பயன்படும் பொருள்களே மிக எளிதாகக் கைக்கு எட்ட வேண்டியவை. உயிர்காப்பு அங்கிகளை வலைக்கு அடியில் வைத்தால் அவை இருந்தும் இல்லாதவையே. அங்கியை அணிந்துகொண்டே தொழில் செய்வது மிகச் சிறந்தது. படகினுள் புகுந்த நீரை இறைக்கும் கலத்தை ஒரு கயிற்றால் படகோடு கட்டி வைக்க வேண்டும்; இல்லையேல் முதல் அலையே அதனைக் கொண்டு சென்றுவிடும். கைவிளக்கு, ஊதல், முதலுதவிப் பெட்டி, கைப்பேசி ஆகியவை நீர் புகாத பையில் இருக்க வேண்டும்.

திசைகாட்டிக்கு அருகில் கத்தி முதலிய இரும்புப் பொருள்களை வைத்தலாகாது. அதன் காந்த முள் திசை மாறிக் காட்டும். வி.எச்.எஃப். வானொலிக் கருவியின் 16ஆம் அலைவரிசை, உலகெங்கும் கடலில் உதவி கோருவதற்கென ஒதுக்கப்பட்டது. இந்தியக் கடலோரக் காவல் படையின் மீட்பு உதவி எண் 1554. இவற்றைப் படகிலுள்ள ஒருவர் மட்டுமன்றி, அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

கரை திரும்பிய பின்

மீன் இறக்கப்பட்டதும் அடுத்த நாளுக்கான பணி தொடங்குகிறது. முட்களும் கத்தியும் நன்னீரில் கழுவித் துடைக்கப்படும். முற்காலத்துப் பருத்தி வலைகள் ஈரத்தில் மட்கும் இயல்புடையவை. அவற்றை வெயிலில் நன்கு உலர்த்துவர். இன்றைய நைலான் வலை எளிதில் மட்காது. ஆனால் கடும் வெயிலில் வலுவிழக்கும். ஆகவே, அதனை நிழலில் வைப்பதே நன்று.

மட்காத தன்மையால் ஒரு தீங்கும் உண்டு. கடலில் விழுந்த நைலான் வலைத்துண்டு நெடுங்காலம் அங்கேயே கிடந்து, மீன்களையும் ஆமைகளையும் சிக்கவைத்துக் கொல்லும். இதனைத் தவிர்க்க, அறுந்த வலைக்கும் கயிற்றுக்கும் படகில் ஒரு சாக்குப்பை வைத்திருப்பது நலம். கழிவுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு.

இறுதியாக, கத்தி துடைக்கப்பட்டு அதன் உறையில் செருகப்படுகிறது. இருளில் தேடும் ஒரு கைக்காக, அது அங்கேயே காத்திருக்கும்.

சொல்லும் பொருளும்

அணியம் – படகின் முன்பகுதி
செவுள் – மீன் மூச்சுவிட உதவும் உறுப்பு
நங்கூரம் – படகை ஓரிடத்தில் நிறுத்த உதவும் கருவி
கொழு – நங்கூரத்தின் மண்ணில் பதியும் கூரிய பகுதி
மிதவை – நீரின் மேல் மிதக்கும் பொருள்
இடர் – துன்பம், ஆபத்து
நன்னீர் – உப்பில்லாத நீர்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கட்டுமரத்தில் பொருள்களைக் கட்டி வைப்பதன் காரணம் யாது?
2. எடை மிக்க பொருள்களைப் படகில் எங்கு வைக்க வேண்டும்? ஏன்?
3. எரிபொருளை எவ்வாறு பங்கிட வேண்டும்?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. செவுள் வலையை அடுக்கும் முறையை விளக்குக.
2. 'சிறு படகில் ஒழுங்கு என்பது அழகுக்காக அன்று, உயிருக்காக.' இக்கூற்றைப் பாடத்திலிருந்து இரு சான்றுகள் காட்டி நிறுவுக.

இ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. கடலோரக் காவல் படையின் மீட்பு உதவி எண் ________.
2. 6ஆம் எண் முள்ளைவிட 10ஆம் எண் முள் ________.
3. வலையின் மேற்கயிற்றில் ________ கோக்கப்பட்டிருக்கும்.

ஈ. பிரித்து எழுதுக.
கடற்கரை, நன்னீர், அவ்விடம், கட்டுமரம்

உ. செயல்பாடு
1. ஒரு சிறு படகின் படம் வரைந்து, பனிக்கட்டிப் பெட்டி, வலை, நங்கூரம், எரிபொருள் கலன், கத்தி ஆகியவற்றிற்கு உரிய இடங்களைக் குறிக்க.
2. வீட்டில் மின்சாரம் தடைப்படும் இரவில் எப்பொருள்கள் கைக்கு எட்ட வேண்டும் எனப் பெற்றோருடன் கலந்து பேசிப் பட்டியலிடுக. அவை ஒவ்வொன்றிற்கும் ஓர் இடம் தேர்ந்து, ஏன் அவ்விடம் எனத் தமிழில் எழுதுக.