ஓவியமும் உரிமையும்

தீட்டிய ஓவியம் காண்பாரின்றிக் கிடப்பின் பயன் யாது? பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களின் லயத்து அறைகளில் வரைவோர்க்கு இவ்வினா புதியதன்று. கொழும்பின் கண்காட்சிக் கூடங்கள், 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையில் ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தொலைவில் உள்ளன. இணையமோ அத்தொலைவை நொடியில் கடக்கிறது.

படியெடுத்துப் பரப்புதல் இன்று தோன்றிய வழக்கமன்று. 1894இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவி, தம் ஓவியங்களை வண்ண அச்சுப் படங்களாக எளியோர் இல்லங்களுக்கும் அனுப்பினார். படங்கள் எங்கும் பரவின. அச்சகமோ கடன்பட்டு, ஷ்லைகர் என்னும் ஜெர்மானியர் கைக்கு மாறிற்று. புகழ் பரவுதல் வேறு. பொருள் சேர்தல் வேறு.

இணையத்திலும் நிலைமை அதுவே. படத்தைப் பகிர்வோர் பலர். வரைந்தவர் பெயரையும் சேர்த்து அனுப்புவோர் சிலர். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிவு செய்யாமலே பதிப்புரிமை படைத்தவரைச் சாரும். அவர் மறைந்த பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும். எனினும், சட்டம் காக்குமென்று வாளாவிருத்தல் தகாது.

ஓவியத்தை நேர்வெயில் படாத பகலொளியில் படமெடுத்தல் நலம். ஓவியர் பெயர், அளவு, வண்ணவகை, ஆண்டு ஆகியவை அதனுடன் செல்லுதல் வேண்டும். அச்சிடத்தக்க பெரிய படியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, சிறிய படியை மட்டும் வெளியிடுதல் அறிவுடைமை.

தேயிலைப் பொதியில் தோட்டத்தின் பெயர் இருக்கும்; கொழுந்து பறித்தவரின் பெயர் இராது. அத்தோட்டத்துப் பிள்ளை தீட்டும் ஓவியத்துக்கும் அந்நிலை நேரலாகாது.