பூத்தொடுக்கும் கலை

கடலூர் மாவட்டத்தில் பூவின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர்கள் சில உள. நெய்வேலிக்கு அணித்தே உள்ள குறிஞ்சிப்பாடி அவற்றுள் ஒன்று. கடலூர் நகரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூர் மற்றொன்று. ஊர்ப்பெயரிலும் பூவை வைத்துப் போற்றிய தமிழர், பூவின் இயல்பை அறிந்த திறத்தையும் அதனை மாலையாக்கிய கலையையும் இப்பாடத்தில் காண்போம்.

குறிஞ்சி, மலைச்சாரலில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. குறிஞ்சிப்பாடியோ சமவெளியில் அமைந்த ஊர். எனினும் அவ்வூர்ப் பெயரைக் கேட்டவுடன் கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டு நம் நினைவிற்கு வருகின்றது. அருவியாடிய மகளிர் பூக்களைக் கொய்து பாறைமேற் குவித்தமையைக் கூறுமிடத்து, கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகின்றார். 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டைப் பதிப்பித்த உ. வே. சாமிநாத ஐயர், ஏட்டில் சில பூக்களின் பெயர்கள் விடுபட்டிருக்கக் கண்டு, வேறு சுவடிகளைத் தேடி அவற்றை மீட்டார். ஏடு அழியின் பூவின் பெயரும் உடன் அழியும் என்பதை இதனால் அறிகின்றோம்.

பூக்களை அவை தோன்றும் இடம் நோக்கி நம் முன்னோர் நால்வகைப்படுத்தினர். கொன்றை கோட்டுப்பூ, முல்லை கொடிப்பூ, செவ்வந்தி நிலப்பூ, தாமரை நீர்ப்பூ. பருவம் நோக்கியும் பெயரிட்டனர். அரும்பு என்பது தோன்றும் நிலை, போது என்பது விரியும் நிலை, விரிந்தது மலர், உதிர்ந்தது வீ, வாடியது செம்மல். இவற்றைப் புலவர்தம் சொல்லழகு என்று மட்டும் எண்ணற்க. பூத்தொடுப்போர்க்கு இவ்வேறுபாடே தொழிலின் முதற்பாடம் ஆகும்.

மல்லிகையை எடுத்துக்கொள்வோம். அது மாலைப்பொழுதில் விரிவது. ஆதலின் முதிர்ந்த அரும்பாக அதனை விடியற்காலையிலேயே பறிக்கின்றனர். முதிராத அரும்பு பறித்தபின் நன்கு விரியாது. விரிந்த மலரோ தொடுத்து முடிக்குமுன் வாடத் தொடங்கிவிடும். செடியினின்று பிரிந்த பின்னும் பூ உயிர்ப்புடையது, மூச்சு விடுகின்றது, ஈரத்தை இழந்துகொண்டே இருக்கின்றது. அவ்வீரத்தைக் காத்தல் தொடுப்பவர் கடமை. அதற்கு உற்ற துணை வாழைநார். உலர்ந்த நாரை நீரில் நனைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்துக்கொள்வர். நனைந்த நார் பூவிற்குக் குளிர்ச்சி தரும், காம்பையும் அறுக்காது. நூலோ இறுக்கி இழுத்தால் காம்பை அறுத்துவிடும்.

இரண்டு அரும்புகளை ஒருபுறமும் இரண்டை எதிர்ப்புறமுமாக, காம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இடக்கை விரல்களில் வைத்து, வலக்கையால் நாரைச் சுற்றி முடிச்சிடுவர். முடிச்சு நெகிழ்ந்தால் பூ உதிரும். மிக இறுகினால் காம்பு நசுங்கும். இடைப்பட்ட அளவை நூல்வழிக் கற்றல் அரிது. பழகிய விரலே அதனை அறியும். கனகாம்பரத்திற்கு நிறம் உண்டு, மணம் இல்லை. மருக்கொழுந்திற்கு மணமே சிறப்பு. இவற்றை மல்லிகையோடு சேர்த்துக் கட்டக் கதம்பம் ஆகின்றது.

தலையிற் சூடுவது கண்ணி. மார்பில் அணிவது தார். மகளிர் அணிவது கோதை. சேரர் பனம்பூவையும், சோழர் ஆத்தியையும், பாண்டியர் வேம்பையும் தம் அடையாளமாகச் சூடினர். செய்யுளில் மோனை, எதுகை முதலியவற்றைத் தொடை என்கின்றோம். பூவைத் தொடுப்பதுபோலச் சொல்லைத் தொடுத்தலின் அப்பெயர் பொருந்துகின்றது அன்றோ?

நந்தவனங்களுக்கு நிலம் விடப்பட்ட செய்தியைக் கோயிற் கல்வெட்டுகள் பல கூறுகின்றன. திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் அமைத்து மாலைத்தொண்டு புரிந்தனர். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் ஆண்டுதோறும் திருவில்லிபுத்தூரிலிருந்து திருப்பதிக்கு எடுத்துச் செல்லப்படுகின்றது.

இக்கலைக்கு நம் காலத்திலும் சிறப்பு உண்டு. மதுரை மல்லி 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. குமரி மாவட்டத்துத் தோவாளையில் வெள்ளரளி, செவ்வரளிப் பூக்களையும் நொச்சியிலையையும் மடித்துக் கட்டும் மாணிக்கமாலை 2025ஆம் ஆண்டில் அதனைப் பெற்றது.

எனினும், துணியாலும் ஞெகிழியாலும் ஆன மாலைகள் இன்று கடைதோறும் தொங்குகின்றன. அவை வாடுவதில்லை, ஆனால் மணப்பதும் இல்லை. மாலைக்குள் வாடிவிடும் பூவிற்காக விடியுமுன் எழுந்து பறிப்போரும், நாள் முழுதும் குனிந்திருந்து தொடுப்போரும் உளர். ஒரு முழப் பூவை விலை பேசும்போது அவ்வுழைப்பையும் நாம் எண்ணுதல் வேண்டும். வாங்குவார் இன்றேல் தொடுப்பாரும் இலர். தொடுப்பார் இன்றேல் அவ்விரல்களின் அறிவு எந்த ஏட்டிலும் எஞ்சாது. ஆதலின் மாணவர்கள் தத்தம் ஊரில் பூக்கும் பூக்களின் பெயர்களை அறிந்து, ஒரு முழமேனும் தம் கையால் தொடுத்துப் பழகுவார்களாக.